கோப்பு வகைகளும் பண்புக்கூறுகளும்: கோப்பு முறைமைகளின் வரலாறு

கோப்பு முறைமை என்பது வட்டில் உள்ள பைட்டுகளைப் பெயரிட்ட கோப்புகளாகப் பிரித்து நிர்வகிக்க இயங்குதளம் பயன்படுத்தும் ஏற்பாடாகும். ஒரு கோப்பின் உள்ளடக்கம் வட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்து வைத்தால் மட்டும் போதாது. அது படமா, கடிதமா, இயக்கக்கூடிய நிரலா? அதைப் படிக்கவும் மாற்றவும் யாருக்கு உரிமை உண்டு? அது தனிக் கோப்பா, பிற கோப்புகளை உள்ளடக்கிய அடைவா? இந்த விவரங்களையும் எங்காவது எழுதி வைத்தாக வேண்டும்.

எங்கே எழுதுவது என்பதில் அறுபது ஆண்டுகளாகக் கருத்து ஒன்றுபடவில்லை. கோப்பின் பெயர், அடைவில் அதற்குரிய பதிவு, கோப்போடு ஒட்டிய தனி விவரப் பகுதி, உள்ளடக்கத்தின் முதல் சில பைட்டுகள் என நான்கு இடங்கள் முயன்று பார்க்கப்பட்டன. இவற்றுள் பெயரில் வகையை எழுதுவதே பலவீனமான முறை. பயனர் பெயரை மாற்றினால் வகையும் மாறியது போலாகிவிடும். ஆயினும் இன்று பெரும்பாலான கணினிகளில் நிலைத்திருப்பது அதுவே. ஒரு கணினியிலிருந்து வேறொரு கணினிக்குச் செல்லும் வழியில் உதிர்ந்து போகாதவை பெயரும் உள்ளடக்கமும் மட்டுமே என்பது அதற்குக் காரணம்.

மூன்றெழுத்து நீட்சியின் தோற்றம்

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் தலைமையில் உருவான சி.டி.எஸ்.எஸ். என்ற நேரப்பகிர்வு அமைப்பு 1961 நவம்பரில் முதன்முதலாகச் செய்து காட்டப்பட்டது. அந்த அமைப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஆறு எழுத்துக்கு மேல் போகாது. முதற்பெயர் கோப்பை அடையாளம் காட்டியது. இரண்டாம் பெயர் பெரும்பாலும் அதன் வகையை, அதாவது எந்த நிரல்மொழியில் எழுதப்பட்டது என்பது போன்ற செய்தியைச் சொன்னது. ஆறு என்ற எண் வன்பொருளிலிருந்து வந்தது. கணினி ஒரே தடவையில் கையாளும் பிட்டுகளின் தொகுதி 'சொல்' எனப்படும். ஐ.பி.எம். 7090 கணினியில் ஒரு சொல் 36 பிட். ஓர் எழுத்துக்கு 6 பிட் வீதம் அதில் ஆறு எழுத்துகள் அடங்கின.

டி.இ.சி. நிறுவனத்தின் பி.டி.பி.-6, பி.டி.பி.-10 கணினிகளும் 36 பிட் சொல்லையே கொண்டிருந்தன. அவற்றில் பெயருக்கு ஒரு முழுச் சொல்லும் வகைக்கு அரைச் சொல்லும் ஒதுக்கப்பட்டன. அரைச் சொல் என்றால் 18 பிட், அதாவது மூன்று எழுத்து. பின்னர் வந்த பி.டி.பி.-11 கணினியில் சொல் 16 பிட்டாகச் சுருங்கியது. அங்கும் மூன்றெழுத்தைக் காப்பாற்ற ஒரு கணக்கு கைகொடுத்தது. ஆங்கிலப் பேரெழுத்துகள், எண்கள், சில குறிகள் என மொத்தம் 40 குறிகளோடு நிறுத்திக்கொண்டால், மூன்று குறிகளின் சேர்க்கைகள் 40 × 40 × 40 = 64,000. பதினாறு பிட் தாங்குவதோ 65,536. ஆகவே மூன்று எழுத்தும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. இன்றும் படக்கோப்பின் பெயர் 'ஜேபிஜி' என்றும் எழுத்துக்கோப்பின் பெயர் 'டிஎக்ஸ்டி' என்றும் மும்மூன்று ரோமன் எழுத்துகளில் முடிவதற்கு மூலம் இந்த இட நெருக்கடிதான். மூன்றே போதும் என்று யாரும் ஆராய்ந்து முடிவு செய்யவில்லை.

டி.இ.சி. கணினிகளில் பழகிய கேரி கில்டால் 1974இல் சிறு கணினிகளுக்காக சி.பி./எம். இயங்குதளத்தை எழுதினார். எட்டெழுத்துப் பெயரும் மூன்றெழுத்து நீட்சியும் அதன் வழியாகவே தனிமேசைக் கணினிகளுக்கு வந்தன. அதில் பண்புக்கூறுகளுக்கு இடம் கண்டுபிடித்த விதம் சுவையானது. ஆஸ்கி எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும்; பைட்டின் எட்டாவது பிட் சும்மா கிடக்கும். 1979இல் வந்த சி.பி./எம். 2ஆம் பதிப்பு, நீட்சியின் எழுத்துகளில் சும்மா கிடந்த அந்தப் பிட்டுகளைப் பண்புக்கூறுகளாக்கியது. முதல் எழுத்தின் எட்டாவது பிட் 'படிக்க மட்டும்' என்பதையும், இரண்டாம் எழுத்தின் எட்டாவது பிட் 'அமைப்புக் கோப்பு' என்பதையும் குறித்தன. சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் ஆங்கிலம் தவிர்த்த எந்த மொழிக்கும் கோப்புப் பெயரில் இடமில்லை என்பதையும் அது உறுதி செய்துவிட்டது.

அடைவும் ஒரு கோப்பே

தொடக்ககால அமைப்புகளில் அடைவு ஒரே அடுக்காக இருந்தது. சி.டி.எஸ்.எஸ். அமைப்பில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு பட்டியல், அந்தப் பட்டியல்களுக்கு மேலே ஒரு தலைமைப் பட்டியல், அவ்வளவே. 1965இல் ராபர்ட் டேலியும் பீட்டர் நியூமனும் மல்டிக்ஸ் அமைப்புக்காக வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இந்த நிலையை மாற்றியது. அடைவும் ஒரு கோப்பே, ஆனால் அதைக் கோப்பு முறைமை மட்டுமே பராமரிக்கும் என்று அவர்கள் வரையறுத்தனர். அடைவு ஒரு கோப்பானால், அது இன்னோர் அடைவுக்குள் இருக்கலாம்; அதற்குள் மற்றொன்று இருக்கலாம். எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் கிளைக்கும் மர அமைப்பு இந்த ஒரு வரையறையிலிருந்து கிடைத்தது.

மல்டிக்ஸ் திட்டத்தில் பணியாற்றிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸ், இதை மேலும் எளிமையாக்கியது. அதில் அடைவு என்பது 16 பைட் பதிவுகளின் வரிசை. ஒவ்வொரு பதிவிலும் 2 பைட் எண், 14 பைட் பெயர். வேறொன்றும் இல்லை. அந்த எண் 'ஐநோடு' என்ற தனிப் பதிவைச் சுட்டும். கோப்பின் உரிமையாளர், அளவு, நேரம், அனுமதிகள், வகை எல்லாம் ஐநோடில்தான் இருக்கும். பெயர் மட்டும் அங்கே இராது. ஒரே ஐநோடை இரண்டு அடைவுகள் இரண்டு பெயர்களில் சுட்டலாம் என்பதால், கோப்பின் வகையைப் பெயரில் எழுதுவது யூனிக்ஸின் அமைப்புக்கே பொருந்தாது. ஒரு பெயர் படம் என்றும் மறுபெயர் கடிதம் என்றும் சொன்னால் எதை நம்புவது?

ஐநோடில் அனுமதிக்கும் வகைக்கும் சேர்த்து 16 பிட்டுகள் ஒதுக்கப்பட்டன. உரிமையாளர், குழு, பிறர் ஆகியோருக்குப் படித்தல், எழுதுதல், இயக்குதல் என ஒன்பது. சிறப்பு அனுமதிகளுக்கு மூன்று. எஞ்சிய நான்கும் பின்னாளில் வகைக்கு உரியவையாயின. சாதாரணக் கோப்பு, அடைவு, அச்சுப்பொறி போன்ற சாதனங்களைக் குறிக்கும் சிறப்புக் கோப்பு என்ற மூன்று வகைகளையே 1974இல் வெளியான யூனிக்ஸ் கட்டுரை சொல்கிறது. வேறொரு பாதையைச் சுட்டும் குறியீட்டு இணைப்பு போன்றவை 1983இல் பெர்க்லி பதிப்போடு சேர்ந்தன. லினக்ஸில் கோப்புகளை விரிவாகப் பட்டியலிடும்போது ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தாகத் தெரிவது இந்த நான்கு பிட்டுகளே.

பெயருக்குப் பொருள் இல்லை என்ற யூனிக்ஸில் ஒரு விதிவிலக்கு தற்செயலாகப் புகுந்தது. ஒவ்வோர் அடைவிலும் தன்னைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியும் மேலடைவைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியும் பதிவுகளாக உண்டு. இவற்றைப் பட்டியலில் காட்டாதிருக்க, பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் நிரல் சோதித்தது. விளைவாகப் புள்ளியில் தொடங்கும் எல்லாக் கோப்புகளும் மறைந்தன. மறைவு என்ற பண்புக்கூறு யூனிக்ஸுக்குக் கிடைத்தது இந்தச் சோம்பல் நிரலால்தான் என்று பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ராப் பைக் பின்னாளில் எழுதியுள்ளார்.

படமா, கடிதமா என்ற கேள்விக்கு யூனிக்ஸ் கரு விடை வைத்திருக்கவில்லை. அதற்கு எல்லாமே பைட்டுகள். வகையை அறிய உள்ளடக்கத்தின் தொடக்கத்தைப் பார்க்கும் வழக்கம் உருவானது. பி.டி.பி.-11 யூனிக்ஸில் இயக்கத்தக்க நிரல்கள் எண்ம முறையில் 0407 என்ற எண்ணோடு தொடங்கின. இது வெறும் அடையாளமன்று. அந்தக் கணினியின் மொழியில் 'அடுத்த ஏழு சொற்களைத் தாண்டிச் செல்' என்ற கட்டளை. எட்டுச் சொல் தலைப்பைத் தாண்டி நிரலின் முதல் வரிக்குப் போக அது உதவியது. பிற்பாடு தாண்டும் தேவை ஒழிந்தது. எண் அடையாளமாக நிலைத்தது. 'மாய எண்' என்ற பெயர் இத்தகைய தொடக்கக் குறிகளுக்கு வழங்கலாயிற்று. முதல் பைட்டுகளைப் பார்த்து வகையை ஊகிக்கும் 'ஃபைல்' என்ற கட்டளை 1973லேயே யூனிக்ஸின் நான்காம் பதிப்பில் இருந்தது.

டாஸும் ஒரு பைட்டும்

1981இல் ஐ.பி.எம். தனிமேசைக் கணினியோடு வந்த டாஸ், சி.பி./எம். காட்டிய வழியில் சென்றது. அடைவுப் பதிவு ஒவ்வொன்றும் 32 பைட். முதல் எட்டு பெயர், அடுத்த மூன்று நீட்சி, அதற்கடுத்த ஒரே ஒரு பைட் பண்புக்கூறுகள். பெயருக்கும் நீட்சிக்கும் இடையில் திரையில் தெரியும் புள்ளி வட்டில் எழுதப்படுவதே இல்லை. 1983 மார்ச்சில் வன்வட்டுள்ள கணினியோடு வெளிவந்த டாஸ் 2.0 துணை அடைவுகளைக் கொண்டுவந்தது. படிக்க மட்டும் 1, மறைவு 2, அமைப்பு 4, வட்டின் பெயர் 8, அடைவு 16, காப்புநகல் தேவை 32 என அந்த ஒரு பைட்டிலேயே எல்லாம் அடங்கின. அடைவாக இருப்பதும் மறைந்திருப்பதும் இங்கே ஒரே தரத்துப் பண்புகள்.

இந்தப் பைட் பின்னர் எதிர்பாராத ஒரு வேலைக்குப் பயன்பட்டது. விண்டோஸ் 95 நீண்ட பெயர்களை அனுமதிக்க விரும்பியது. பழைய நிரல்களோ எட்டும் மூன்றும் மட்டுமே அறிந்தவை. படிக்க மட்டும், மறைவு, அமைப்பு, வட்டின் பெயர் ஆகிய நான்கையும் ஒருசேர இட்டால் கூட்டுத்தொகை 15. நடைமுறையில் அர்த்தமற்ற இச்சேர்க்கையைக் கண்ட பழைய நிரல்கள் அந்தப் பதிவைக் கண்டும் காணாமல் விட்டன. நீண்ட பெயர்கள் பதிவுக்கு 13 எழுத்து வீதம் துண்டாக்கப்பட்டு அத்தகைய போலிப் பதிவுகளில் ஒளித்து வைக்கப்பட்டன. இன்றைய பென்டிரைவ்கள் பலவற்றிலும் பெயர்கள் இப்படித்தான் உறைகின்றன.

மக்கின்டாஷின் நான்கெழுத்துக் குறிகள்

1984 ஜனவரியில் வெளிவந்த ஆப்பிள் மக்கின்டாஷ் இந்தச் சிக்கலுக்கு மிக நேர்த்தியான விடை தந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு நான்கெழுத்துக் குறிகள் வட்டின் பதிவேட்டில் எழுதப்பட்டன. ஒன்று கோப்பின் வகை. மற்றது அதை உருவாக்கிய நிரல். இரண்டு கடிதங்களும் எழுத்துக்கோப்பு வகையே ஆனாலும், எந்தக் கடிதம் எந்த நிரலில் எழுதப்பட்டதோ அந்த நிரலிலேயே திறக்கும். பெயர் முழுக்க முழுக்கப் பயனருக்கே உரியது. அவர் அதை எப்படி மாற்றினாலும் வகை குலையாது. கோப்புக்குள்ளும் இரு கிளைகள் இருந்தன: ஒன்றில் தரவு, மற்றதில் சின்னங்கள், பட்டியல்கள், எழுத்துருக்கள் போன்ற வளங்கள். வளக் கிளையை வகுத்தவர் ப்ரூஸ் ஹார்ன்.

முதல் மக்கின்டாஷில் உறைகள் மட்டும் பொய்த்தோற்றம். திரையில் கோப்புகள் உறைகளுக்குள் இருப்பதாகக் காட்டப்பட்டாலும், வட்டில் எல்லாம் ஒரே பட்டியல். இரு வேறு உறைகளில் ஒரே பெயருடைய இரு கோப்புகளை வைக்க முடியாது. உண்மையான அடுக்கு அடைவுகள் 1985இல் எச்.எஃப்.எஸ். என்ற முறைமையோடு வந்தன.

நேர்த்தியான இந்த ஏற்பாடு மக்கின்டாஷின் வாசலைத் தாண்டியதும் உடைந்தது. கோப்பை டாஸ் வட்டுக்கு நகலெடுத்தாலோ தொலைபேசி வழி வேறு கணினிக்கு அனுப்பினாலோ தரவுக் கிளை மட்டுமே போய்ச் சேர்ந்தது. வகைக்குறி, உருவாக்கிய நிரலின் குறி, வளக் கிளை மூன்றும் காணாமல் போயின. வளக் கிளையில் நிரலின் கட்டளைகளே இருந்ததால், அனுப்பிய நிரல் மறுமுனையில் ஒன்றுக்கும் உதவாத பைட்டுகளாக நின்றது. 128 பைட் தலைப்பில் இவ்விவரங்களைப் பொதிந்து அனுப்பும் மேக்பைனரி வடிவம் 1985லேயே தேவைப்பட்டதற்குக் காரணம் இதுதான். ஆப்பிள் கணினியில் செருகிய பென்டிரைவை விண்டோஸில் திறந்தால் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் புதிரான சிறு கோப்புகள் தென்படும். அவை வைரஸ் என்று பயந்து அழிப்போர் உண்டு. வேறு முறைமையில் இடம் கிடைக்காத பண்புக்கூறுகளை ஆப்பிள் அவற்றில் எழுதி வைக்கிறது, அவ்வளவே.

2001இல் வந்த மேக் ஓ.எஸ். எக்ஸ், நீட்சிகளை முறைப்படி ஏற்றது. உருவாக்கிய நிரலின் குறியை 2009ஆம் ஆண்டுப் பதிப்பு கண்டுகொள்ளாமல் விட்டது. சிறந்த முறை தோற்றது என்றே சொல்ல வேண்டும். ஒரு கணினி தனியாக இருந்தவரை அது சிறந்த முறை; வலைப்பின்னல்கள் பரவிய பின் அதன் சிறப்பைப் பகிர்ந்துகொள்ள எதிர்முனையில் ஆளில்லை.

இதே கதை வேறு இரு முறைமைகளிலும் நிகழ்ந்தது. 1993இல் விண்டோஸ் என்.டி.யோடு வந்த என்.டி.எஃப்.எஸ்., கோப்பின் பெயர், நேரம், உள்ளடக்கம் அனைத்தையுமே பண்புக்கூறுகளாகக் கருதியது. ஒரு கோப்புக்குப் பல தரவோடைகளை அனுமதித்தது. 2004 முதல் விண்டோஸ், இணையத்திலிருந்து இறங்கிய கோப்புகளில் 'வெளியிலிருந்து வந்தது' என்ற எச்சரிக்கைக் குறிப்பைத் தனி ஓடையாக எழுதி வருகிறது. ஃபேட் முறைமையுள்ள பென்டிரைவுக்கு நகலெடுத்தால் அந்த எச்சரிக்கை உதிர்ந்துவிடும். டொமினிக் ஜாம்பாலோ 1990களில் பீ ஓ.எஸ். இயங்குதளத்துக்காக வடிவமைத்த முறைமையோ பண்புக்கூறுகளுக்கு அட்டவணையே தயாரித்தது. அதில் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு கோப்பு. அனுப்பியவர், பொருள், தேதி ஆகியவை அதன் பண்புக்கூறுகள். தேடுவதற்குத் தனி நிரல் தேவையில்லை. நிறுவனம் நிலைக்கவில்லை.

வகையை மறைத்ததன் விளைவு

மின்னஞ்சல் இணைப்புகளின் வகையைச் சொல்ல 1992இல் மைம் தரம் உருவானது. நத்தானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வகுத்த அம்முறையில், 'படம்' போன்ற பெருவகையும் அதன் உள்வகையும் சாய்கோட்டால் பிரித்து எழுதப்பட்டன. இணையத் தளங்களும் இதையே கையாண்டன. ஆனால் இறங்கிய கோப்பு வட்டில் சேமிக்கப்பட்டதும் அந்தக் குறிப்பு பெரும்பாலும் கைவிடப்பட்டது, மிஞ்சியது பெயர்.

அந்தப் பெயரையும் விண்டோஸ் 95 முதல் முழுமையாகக் காட்டவில்லை. தெரிந்த வகைகளின் நீட்சியை மறைப்பது இயல்பு நிலையாக்கப்பட்டது. திரை அழகாக இருந்தது. 2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து பரவிய 'ஐ லவ் யூ' புழு இந்த இடைவெளியில்தான் நுழைந்தது. காதல் கடிதம் என்ற பெயரில் வந்த இணைப்புக்கு இரட்டை நீட்சி இருந்தது: முதலில் எழுத்துக்கோப்புக்கு உரியது, கடைசியில் விசுவல் பேசிக் நிரலுக்கு உரியது. விண்டோஸ் கடைசியை மறைத்து, முதலாவதை மட்டும் காட்டியது. கடிதம் என்று நம்பித் திறந்தவர்களின் கணினியில் நிரல் ஓடியது. அது ஜேபிஜி படங்களின் மேல் தன்னையே எழுதி அழித்தது; எம்பி3 பாடல்களை அழிக்காமல் மறைவு என்ற பண்புக்கூறை இட்டு ஒளித்து, அதே பெயரில் தன் நகலை வைத்தது. நீட்சி, பண்புக்கூறு இரண்டுமே பயனரை ஏமாற்றும் கருவிகளாயின. இவ்வளவுக்குப் பின்னும் நீட்சியை மறைக்கும் இயல்பு நிலையை விண்டோஸ் கைவிடவில்லை.

எழுத்துக்கோப்பு சொல்லாத பண்பு

எந்தக் கோப்பு முறைமையும் முறையாகக் குறித்து வைக்காத ஒரு பண்புக்கூறின் இழப்பைத் தமிழ் பெரிதும் சுமந்தது. எழுத்துக்கோப்பு என்று நீட்சி சொல்லும். எந்தக் குறிமுறையில் எழுதப்பட்டது என்று சொல்லாது. 1990களில் தமிழ்க் கோப்புகள் பாமினி, மயிலை, டிஸ்கி எனப் பல குறிமுறைகளில் உருவாயின. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டைத் தரப்படுத்தியது. பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் வட்டில் பதிவது நான்கு ரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அந்த எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலம். கோப்பு கெடவில்லை, ஒரு பைட்டும் தொலையவில்லை, ஆனால் படிக்க முடியாது.

மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில், நூல் எந்தக் குறிமுறையில் உள்ளது என்ற வரி தலைப்பிலேயே எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். முறைமை செய்யத் தவறிய பண்புக்கூறைத் தொகுப்பாளர்கள் கையால் எழுதிச் சேர்த்திருக்கின்றனர்.

ஒருங்குறி பரவிய பின் இச்சிக்கல் பெருமளவு தணிந்தது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றது. யூ.டி.எஃப்.-8 என்பதை அடையாளம் காட்ட விண்டோஸ் நோட்பேட் கோப்பின் தொடக்கத்தில் மூன்று பைட் குறி ஒன்றை இட்டது. அந்தக் குறி இருந்தால் யூனிக்ஸ் கட்டளைக்கோப்புகள் ஓடாது; அவை முதல் இரண்டு பைட்டுகளில் வேறு குறியை எதிர்பார்க்கின்றன. இன்னொரு தடையும் உண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறைமையில் பெயரின் எல்லை 255 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் 85 குறியீடுகளுக்கு மேல் பெயர் வைக்க முடியாது. 'கோ' என்ற ஓரெழுத்தே இரண்டு குறியீடு. விண்டோஸில் 255 குறியீடுகள் வரை இடம் உண்டு. ஆதலால் அங்கே வைத்த நீண்ட தமிழ்ப் பெயர் லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது மறுக்கப்படலாம்.

கோப்புக்குள் கோப்புகள்

ஓர் அடைவை முழுதாக அனுப்ப வேண்டுமானால் அதை ஒரே கோப்பாக்க வேண்டும். 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் வந்த டார், காந்த நாடாவுக்காக உருவானது. ஒவ்வொரு கோப்புக்கு முன்னும் 512 பைட் தலைப்பு வைத்து, பெயர், அனுமதி, உரிமையாளர் எண் ஆகியவற்றை எழுதியது. 1989இல் ஃபில் கேட்ஸ் வெளியிட்ட ஜிப் வடிவம், உள்ளடக்கப் பட்டியலைக் கோப்பின் இறுதியில் வைத்தது. ஜிப் கோப்பின் முதல் இரண்டு எழுத்துகள் அவர் பெயரின் முதலெழுத்துகளே.

ஜிப்பில் மரமில்லை. உறைக்குள் உறை என்பது 'அப்பா/மகன்/பெயரன்' என்பது போல் சாய்கோடிட்ட நீண்ட பெயராகவே உள்ளது. முதல் மக்கின்டாஷ் வட்டைப் போல இதுவும் ஒரே பட்டியல்தான். பெயரில் மேலடைவைச் சுட்டும் இரட்டைப் புள்ளியை எழுதி, விரிக்கும்போது வேறிடத்துக் கோப்புகளை அழிக்கும் தாக்குதல்கள் நிகழ்ந்தது இதனால்தான். பண்புக்கூறுகளுக்கு 4 பைட் இடம் உண்டு. ஆனால் அவற்றை டாஸின் முறையில் படிப்பதா, யூனிக்ஸின் முறையில் படிப்பதா என்பதை, கோப்பு எந்த இயங்குதளத்தில் உருவானது என்ற மற்றொரு எண் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் பெயர்கள் யூ.டி.எஃப்.-8 என்று அறிவிக்கும் பிட் 2006இல்தான் வரையறைக்குள் வந்தது. அதை மதிக்காத நிரல்களில் தமிழ்ப் பெயர்கள் கோடும் கட்டமுமாக விரிந்தன.

இன்று நாளும் பயன்படும் பல வகைகள் வேடமிட்ட ஜிப் கோப்புகளே. வேர்டின் 2007ஆம் ஆண்டு வடிவம், லிப்ரே ஆபிஸ் ஆவணம், ஆண்ட்ராய்டு செயலி, மின்னூல்களுக்கான ஈபப் ஆகிய எல்லாவற்றின் முதல் பைட்டுகளும் ஒன்றே. மாய எண்ணை மட்டும் பார்த்தால் எல்லாம் ஜிப். நீட்சியை மட்டும் பார்த்தால் ஏமாற இடமுண்டு. ஈபப் வகுத்தவர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். ஜிப்புக்குள் முதலாவதாக 'மைம்டைப்' என்ற எட்டெழுத்துப் பெயருடைய சிறு கோப்பு இருக்க வேண்டும். அதைச் சுருக்கக் கூடாது. ஜிப்பின் தலைப்பு 30 பைட், பெயர் 8 பைட். எனவே ஈபப் கோப்பு எதைத் திறந்தாலும் 38 பைட்டுகளைத் தாண்டியதும் அதன் மைம் வகை அப்படியே எழுத்தாகக் கிடைக்கும்.